குன்னூரில் சிங்கி இறால் வாங்கப் போன கதை

குன்னூர் மார்க்கெட்டில் வழக்கமாக நான் மீன் வாங்கும் கடைக்குப் போன சனிக்கிழமை சிங்கி இறால் (லாப்ஸ்டர்) வந்திருந்தது. பிறந்தது ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம், கை சும்மா இருக்குமா? வாலை நிமிர்த்தி விட்டேன். சுருளவில்லை, தொங்கிற்று. உயிரோடு இருந்தால்தான் ஏற்றுமதிக்காரர் நல்ல விலை தருவார். இது செத்து மலையேறியது. அதைக்கூட விடலாம். அடிவயிற்றில் கொத்தாக ஆரஞ்சு முட்டை! சினைச் சிங்கியைக் கடலில் விடாமல் பிடித்துப் பிடித்துத்தானே எங்கள் தீவில் சிங்கி வலை காலியாக வருகிறது?

"அண்ணே, பெட்டியில வர்றதத்தான் விக்கிறேன்" என்றார் கடைக்காரர். அதுவும் சரிதான்.

மத்தி, அயிலைக்குத் தாராளமாகப் போகலாம். பளபளவென்று இருக்கும், சுத்தம் செய்தும் தருவார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடை. அப்போது மட்டும் எந்தக் கரை மீன் என்று கேட்டு வாங்குங்கள். அன்று நான் கால் கிலோ நெத்திலியோடு திரும்பினேன்.