பிராக்கின் டொரானா என் அலமாரியில்

மூன்று மாதம் யோசித்துவிட்டு, 285 டாலர் கொடுத்து ஆஸ்திரேலிய கம்பெனியான ஹோல்டனின் டொரானா ஏ9எக்ஸ் காரின் குட்டி மாடலை வாங்கியே விட்டேன். நிஜ வண்டியில் பதினெட்டில் ஒரு பங்கு. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000 கார் பந்தயத்தில் பீட்டர் பிராக்கும் ஜிம் ரிச்சர்ட்ஸும் ஓட்டிய அதே 05-ஆம் எண் வண்டி. இரண்டாவது வண்டியை 6 சுற்று பின்னால் விட்டு ஜெயித்தார்கள். அது போதாதென்று கடைசிச் சுற்றில் பிராக், ஒரு சுற்றை மிக வேகமாக முடித்த லாப் ரெக்கார்டையும் உடைத்தார். தேவையா? அதனால்தான் அவர் பிராக்!

சரி, மாடலுக்கு வருவோம். பானட்டின் மேலுள்ள காற்றுத் திறப்பு, நிஜத்தில் போலவே முன் கண்ணாடியைப் பார்த்து இருக்கிறது. பானட்டைத் தூக்கினால் 5 லிட்டர் வி8. பிளக் வயர்கள் நூல் மொத்தத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஏ9எக்ஸின் விசேஷமே பின்சக்கர டிஸ்க் பிரேக்தான், அதையும் விடவில்லை.

ஆனால் டிரைவர் பக்கக் கண்ணாடி பெட்டிக்குள்ளேயே கழன்று கிடந்தது. விற்றவர் இரண்டு மெயிலுக்கும் பதில் போடவில்லை. நானே பசை போட்டு ஒட்டினேன். அப்புறம், சிகரெட் விளம்பரத்தை எடுத்துவிட்டதால் வண்டி கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

பக்கத்தில் நிறுத்த, 1977-இல் அதே பந்தயத்தில் மொஃபட்டும் பாண்டும் முதல் இரண்டு இடங்களில் கொண்டுவந்த ஃபோர்டு ஃபால்கன் ஜோடி வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.