பெஹ்ரிங்கர் யூசிஏ222: லேப்டாப்பை மைக் செட்டில் மாட்ட வாங்கலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறோம். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்து, உறுமலோடும் கரகரப்போடும் மல்லுக்கட்டுகிறீர்கள் என்றால் இந்தச் சின்னப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியை வாங்கி மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இரைச்சலில் ஒரு பங்கு லேப்டாப்பிலிருந்து வருகிறது. மீதி வயரிலும் எர்த்திலும் இருக்கிறது. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை, இந்தப் பக்கம் ஏர்வாடி, சாயல்குடி வரை கடலோரத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு உப்புக்காற்றும் கூடவே வரும். அதனால் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம், அதைச் சுற்றி மாட்டுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம்.

யூசிஏ222 உள்ளங்கையில் அடங்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு. சிவப்பு நிறம். இதே வேலையைச் செய்யும் வெள்ளி நிறப் பெட்டி யூசிஏ202. ஆர்சிஏ (நடுவில் ஊசி, சுற்றி வளையம் உள்ள ஆடியோ ஜாக்) இன்புட் இரண்டு, ஆர்சிஏ அவுட்புட் இரண்டு, ஒரு ஹெட்போன் துளை, ஒரு ஆப்டிகல் அவுட்புட், அவ்வளவுதான். யூஎஸ்பி வயர் பெட்டியோடு சேர்ந்தே வருகிறது, கழற்ற முடியாது. தனியாக அடாப்டர் தேவையில்லை, கரண்ட் யூஎஸ்பியிலிருந்தே வந்துவிடும். டிஜிட்டல் சத்தத்தின் தரக் கணக்கில் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். இன்று 24 பிட் கார்டுகள் நிறைய இருக்கும்போது இது பழைய சரக்கு என்று சிலர் சொல்வார்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், மீன் ஏலக்கூடம், கல்யாண மண்டபம் ஆகிய இடங்களில் 16 பிட்டுக்கு மேல் இருந்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே கெடுப்பது பிட் கிடையாது, எர்த்துதான்.

டிரைவர் எதுவும் போட வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் குத்தியவுடன் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் சவுண்ட் பட்டியலில் பெஹ்ரிங்கர் என்ற பெயரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். "யூஎஸ்பி ஆடியோ கோடெக்" என்றுதான் காட்டும். அதை அவுட்புட்டாகத் தேர்ந்தெடுங்கள். நடுவில் ஹப் வைக்காமல் லேப்டாப்பிலேயே நேராகக் குத்துங்கள்.

வாங்குகிறவர்கள் பலரும் ஏமாறும் இடம் அந்த வால்யூம் திருகு. அது ஹெட்போனுக்கு மட்டும்தான். ஆர்சிஏ அவுட்புட்டை அது தொடாது. நிகழ்ச்சி நடுவில் சத்தத்தைக் குறைக்க அதைத் திருகினால் ஸ்பீக்கரில் ஒன்றும் மாறாது. மானிட்டர் சுவிட்சும் அப்படியே: அதை ஆன் செய்தால் ஹெட்போனில் லேப்டாப் பாட்டு வராது, இன்புட்டில் மாட்டிய சத்தம்தான் வரும். ஹெட்போனில் பாட்டு கேட்கவில்லை, பெட்டி போய்விட்டது என்று கடைக்குத் திருப்பித் தூக்கிக்கொண்டு போகும் முன் அந்த சுவிட்சைப் பாருங்கள்.

இந்தப் பெட்டி தீர்த்துவைக்கும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. லேப்டாப்பின் 3.5 மி.மீ. துளையிலிருந்து ஒரு ஸ்டீரியோ வயரை எடுத்து, மறுமுனையில் பெரிய ஸ்டீரியோ ஜாக்கோ மூன்று பின் கேனனோ போட்டு பவர் ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ்டு இன்புட்டில் (எர்த் தவிர இரண்டு சிக்னல் முனை உள்ள துளை) சொருகுகிறார்கள். பாட்டு வரும், தபேலா வரும், ஓரத்தில் வயலின் வரும். பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். வயரில் விரிசல், ஜாக்கில் லூஸ் என்று அரை நாள் தேடுவார்கள். உண்மையில் வயரில் ஒரு குறையும் இருக்காது. பேலன்ஸ்டு இன்புட் இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பெருக்கும். ஒரு முனையில் இடது, மறுமுனையில் வலது போனால், இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் சத்தம் கழிந்து பூஜ்யமாகிவிடும். பாடகர் குரலை ரெக்கார்டிங்கில் நடுவில்தான் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் சமமாக. அதனால் அதுதான் முதலில் போகும். சொற்பொழிவு ரெக்கார்டிங் என்றால் ஏறத்தாழ முழுதும் போய்விடும்.

யூசிஏ222இல் இடதும் வலதும் தனித்தனி ஆர்சிஏ என்பதால் இந்தத் தப்பு எளிதில் நடக்காது. கேனன் இன்புட்டுக்குப் போக வேண்டுமானால் ஆர்சிஏயின் நடு ஊசி 2ஆம் பின்னுக்கு, வெளிச்சுற்று 1க்கும் 3க்கும் சேர்த்து. இப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வயர்.

ஆம்ப்ளிஃபயர் மோனோவாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் சேர்க்க வேண்டும். நம் ஊரில் ஓடும் அஹுஜா மாதிரியான மிக்சர் ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் மோனோதான். இரண்டு ஆர்சிஏவையும் ஒய் வயர் போட்டு அப்படியே முறுக்கிவிடுகிறார்கள். அப்போது ஒரு பக்கத்து அவுட்புட் மறுபக்கத்து அவுட்புட்டைத் தள்ளும். சத்தம் குறையும், கரகரக்கும், நாளடைவில் கார்டுக்கும் நல்லதல்ல. ஒவ்வொரு நடு ஊசியிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்து, அதற்குப் பிறகு இரண்டையும் சேருங்கள். கால் வாட் போதும். ஜாக்கின் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும்.

சேர்த்த வயரை ஆக்ஸ் இன்புட்டில் (பாட்டுப் பெட்டிகளுக்கான துளை) மாட்டுங்கள். மைக் இன்புட்டில் வேண்டாம். மைக் தருவது சில மில்லிவோல்ட், இந்தப் பெட்டி தருவது அதைப்போல் நூறு மடங்குக்கு மேல். மைக் துளையில் சொருகிவிட்டு வால்யூமை ஒன்றில் வைத்தாலும் கரகரப்பு போகாது, ஏனென்றால் வால்யூம் திருகுக்கு முன்னாலேயே சத்தம் உடைந்துவிடுகிறது. ஆக்ஸ் துளையே கெட்டுப்போய் மைக் துளைதான் கதி என்றால், தொடராக 10 கிலோ ஓம், மைக் பக்கத்தில் குறுக்கே 100 ஓம் வையுங்கள். நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இனி உறுமல். லேப்டாப் சார்ஜர் மூன்று பின், ஆம்ப்ளிஃபயரும் மூன்று பின். இரண்டும் வேறு வேறு பிளக் பாயிண்டில் இருந்தால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்தில் ஓடும் கரண்ட்தான் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று கேட்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். பாட்டை நிறுத்திவிட்டு லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். உறுமல் நின்றால் காரணம் எர்த் வளையம். நிற்கவில்லையானால் ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்று அறுந்திருக்கும், இல்லை வயர் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கிடக்கும். உறுமலாக இல்லாமல், மவுஸை நகர்த்தும்போது மட்டும் "கீ..." என்று மெல்லிய சத்தம் வந்தால் அது யூஎஸ்பியின் கரண்ட் வழியாக லேப்டாப்பிலிருந்து வருவது. யூசிஏ222 யூஎஸ்பியிலேயே ஓடுவதால் இந்தக் குறை இதற்கும் உண்டு. இதைச் சொல்லாமல் புகழ்வது நியாயமாகாது.

எர்த் வளையத்துக்கு முதல் மருந்து: லேப்டாப், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது இது இன்னும் முக்கியம். எர்த் பின்னை உடைத்துவிட்டால் உறுமல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுமல் போகும், உண்மைதான். ஆனால் ஈர மணலில் வெறுங்காலோடு நின்று மைக் பிடிக்கிறவர் உயிரும் அதோடு போகலாம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் திருவிழா மேடைகள் பல மணல் மேல்தான் நிற்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் சமரசமே கூடாது.

அடுத்த மருந்துதான் இந்தப் பெட்டியிலேயே பலரும் கண்டுகொள்ளாத சரக்கு: ஆப்டிகல் அவுட்புட். அதில் போவது வெளிச்சம். செம்பு வயர் கிடையாது, அதனால் லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் எர்த் தொடர்பே இருக்காது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஆப்டிகலை ஆர்சிஏவாக மாற்றும் சின்ன டாக் பெட்டி ஒன்று வையுங்கள். டிவிக்காக விற்பதே போதும். அதற்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள், லேப்டாப் யூஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். எடுத்தால் வளையம் திரும்ப வந்துவிடும். உறுமலும் மவுஸ் சத்தமும் ஒரே நேரத்தில் அடங்கும். ஆப்டிகல் வயரை 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கூர்மையாக மடிக்காதீர்கள். ஹெட்போன் துளையை விட்டு இந்தப் பெட்டிக்குக் காசு கொடுப்பதற்கு இந்த ஒரு துளையே போதுமான காரணம்.

ஆப்டிகல் வேண்டாமென்றால் ஆர்சிஏ நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டித்துச் சத்தத்தை மட்டும் கடத்தும் பெட்டி) வைக்கலாம். மலிவான ஐசொலேட்டரில் பேஸ் குறையும். குழாய் ஸ்பீக்கருக்கு அது பாதகமில்லை, 15 இன்ச் பாக்ஸ் வைத்தவர்களுக்கு அந்தக் குறை காதில் தெரியும்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் செய்யாவிட்டால் மானம் போகும். சவுண்ட் ஸ்கீமை "நோ சவுண்ட்ஸ்" ஆக்குங்கள், இல்லையென்றால் பூசை நடுவில் "டிங்" என்று ஊருக்கே கேட்கும். பழைய சவுண்ட் ஜன்னலில் கம்யூனிகேஷன்ஸ் பக்கத்தில் "டூ நத்திங்" வையுங்கள். வைக்காவிட்டால் வீடியோ கால் வரும்போது பாட்டை விண்டோஸே 80 சதவீதம் குறைத்துவிடும். பவர் ஆப்ஷனில், கரண்ட் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். சத்தத்தை லேப்டாப்பில் 85 அளவில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் திருகைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். லேப்டாப்பில் 20 வைத்து ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திறந்தால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். போடும்போது ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாகப் போடுங்கள், நிறுத்தும்போது அதை முதலில் நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது யூஎஸ்பியைப் பிடுங்கினால் வரும் "டொம்" சத்தம் ஸ்பீக்கர் காயிலைத்தான் அடிக்கும்.

லேப்டாப் பாட்டைக் குழாயில் விடும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. மைக்கில் பேசும் குரலில் அடிச்சத்தம் குறைவு. லேப்டாப் பாட்டில் 40, 50 ஹெர்ட்ஸ் எல்லாம் தாராளமாக இருக்கும். குழாய் யூனிட்டுக்குள் அதிரும் மெல்லிய தகடு, அதாவது டயாஃப்ரம், அந்தச் சத்தத்துக்கு ஆடிக் கிழியும். இரண்டு வழி உண்டு. லேப்டாப்பில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டு 250 அல்லது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். லேப்டாப் மாறினாலும் காவல் இருக்க வேண்டுமானால், 16 ஓம் யூனிட்டோடு தொடராக 33 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் வையுங்கள். 300 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டும். 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் (தூரத்துக்கு வயர் இழுக்கக் குழாயோடு வரும் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ள குழாய்க்கு இந்தக் கெபாசிட்டர் கணக்கு பொருந்தாது, அங்கே மென்பொருளே சரி. 16 ஓம் யூனிட் நான்கை இணையாகப் போட்டால் 4 ஓம். அதற்கு மேல் ஐந்தாவதை 4 ஓம் முனையில் சேர்க்காதீர்கள்.

லேப்டாப்பையும் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே வையுங்கள். ஆர்சிஏ வயர் 3 மீட்டருக்குள் இருக்கட்டும், தூரம் போக வேண்டியது ஸ்பீக்கர் வயர்தான். 30 மீட்டருக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு இழுத்தால் போக வர 0.7 ஓம் சேரும். 4 ஓம் சுமையில் வோல்டேஜில் ஏழில் ஒரு பங்கு வயரிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் பத்தில் ஒன்றாகும். லேப்டாப் மேடையிலேயே இருந்தாக வேண்டுமானால் பாசிவ் டிஐ பாக்ஸ் (சத்தத்தை மைக் அளவுக்குக் குறைத்து பேலன்ஸ்டாக மாற்றும் பெட்டி) போட்டுக் கேனன் வயரில் மைக் இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக உப்பு. யூசிஏ222இன் உடல் பிளாஸ்டிக், அதனால் துருப்பிடிக்க அதிகம் இல்லை. போவது துளைகள். ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்போது ஆர்சிஏ ஊசியின் அடியில், முலாம் தேய்ந்த இடத்தில், பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். அறிகுறி: ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும், ஜாக்கைத் திருகினால் சரியாகும், பத்து நிமிடத்தில் திரும்பப் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஊசியையும் துளையின் வெளி வளையத்தையும் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மிச்சமிருக்கும் முலாமும் போய், அடுத்த மாதமே களிம்பு பிடிக்கும். தேங்காயெண்ணெய் தடவுவது தூசியைச் சேர்க்கும். வேலை முடிந்ததும் பெட்டியை ரப்பர் மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். வயரை இழுத்து மடக்கிப் பெட்டியைச் சுற்றாதீர்கள். யூஎஸ்பி வயர் கழற்ற முடியாதது, அது பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அறுந்தால் பெட்டியைத் திறந்து சால்டர் வைக்க வேண்டியதுதான். இந்தப் பெட்டியின் உண்மையான பலவீனம் அது.

யாருக்கு வேண்டாம்? மைக்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இது உதவாது. இன்புட் லைன் லெவல் (மிக்சர், பிளேயர் தரும் பெரிய சிக்னல்) மட்டும்தான், மைக்கின் சின்னச் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் கிடையாது, கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபாண்டம் கரண்ட்டும் கிடையாது. அதற்கு அதே கம்பெனியின் யூஎம்சி22 பாருங்கள். அதில் அவுட்புட்டுக்கான திருகும் முன்பக்கத்திலேயே இருக்கிறது. மிக்சரிலிருந்து ரெக்கார்டிங் அவுட் எடுத்து லேப்டாப்பில் பதிய மட்டும் என்றால் யூசிஏ222 போதும். ஆர்டர் போடும்போது மாடல் பெயரைச் சரிபாருங்கள். இதே உருவத்தில் யூஎஃப்ஓ202 என்று ஒன்று வருகிறது, அது பழைய இசைத்தட்டு பிளேயருக்கான ப்ரீஆம்ப் உள்ளது.