ஊழியர் சலுகைத் திட்டத்தில் கார்: தள்ளுபடியும் அதற்குக் கீழே இருந்த செலவுகளும்

நிறுவனத்தின் ஊழியர் சலுகைத் திட்டம் வழியாகக் கார் வாங்கலாமா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து பெங்களூரில் பலருக்கும் இந்த யோசனை வந்திருக்கிறது. நான் அதற்கு முன்பே அந்த வழியில் வாங்கியவன். காரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய வழியைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

அடையாள அட்டையின் நகலும் மனிதவளத் துறையின் கடிதமும் கொடுத்ததும், பேரம் எதுவுமின்றி எக்ஸ்-ஷோரூம் விலையில் (சாலை வரியும் காப்பீடும் சேராத விலை) தள்ளுபடி எழுத்தில் வந்தது. அதே மாடலுக்கு நேராக ஷோரூம் சென்ற என் மைத்துனரால், மாலை முழுவதும் பேசியும் அதில் பாதியைக்கூடப் பெற முடியவில்லை. பேரம் பேசக் கூசுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அவை எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையின் கொட்டேஷன் கைக்கு வந்தபோதுதான் எரிச்சல் தொடங்கியது. கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுட்கால வரி 17 சதவீதம், அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரி தனி. என் கணக்கில் அந்த வரி தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கே போடப்பட்டிருந்தது. 10 லட்சத்துக்கு மேல் பிடிக்கப்படும் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) தொகைக்காக டீலரைத் திட்டுவது நியாயமில்லை, அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். ஹேண்ட்லிங் கட்டணத்தையும் ஆக்சஸரீஸ் தொகுப்பையும்கூட வாதாடி நீக்க முடிந்தது. அசையாமல் நின்றது காப்பீடு ஒன்றுதான்.

பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாண்டு மூன்றாம் தரப்புப் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது என்பதால் எங்கும் ஒன்றே. வித்தியாசம் முழுவதும் நம் காருக்கான சொந்தச் சேதப் பகுதியில் இருக்கிறது. அதே ஐடிவி (காப்பீட்டில் காருக்குப் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு) என்று வெளியில் கேட்டபோது 14,000 ரூபாய் குறைவாகச் சொன்னார்கள். டீலர் வழியாகவே காப்பீடு எடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) விதியை எடுத்துச் சொன்னேன். அதுவரை கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த விற்பனையாளர் தமிழுக்கு மாறி, "ரூல் கரெக்ட்தான் சார், ஆனா கார்ப்பரேட் வண்டி அடுத்த மாசம்தான் வரும்" என்றார். வெளியில் காப்பீடு எடுத்தால் கார் தாமதமாகும் என்பதுதான் அதன் பொருள். திட்டத்தின் உதவி எண்ணில் கேட்டால், எக்ஸ்-ஷோரூம் விலைக்கு மட்டுமே தாங்கள் பொறுப்பு என்றார்கள். விதிமுறையிலும் அப்படித்தான் இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வேறு வழியின்றி அங்கேயே எடுத்தேன்.

இப்போது சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம் அதே டீலரிடமிருந்து அழைப்பு வருகிறது. வெளியில் சொல்லும் தொகையைக் குறிப்பிட்டால், மறுமுனையில் இருப்பவர் யாரையும் கேட்காமலே அந்த அளவுக்கு இறங்கி வருகிறார். இவ்வளவு எளிதாகக் குறைக்க முடிந்தது முதல் ஆண்டு மட்டும் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை.

எல்லாம் போக, மைத்துனரைவிட நான் குறைவாகத்தான் செலவழித்தேன். ஆனாலும் அடுத்த காருக்கு அந்தத் திட்டத்தின் பக்கம் தலைவைக்க மாட்டேன். நண்பர் போவதாக இருந்தால், வெளிக் காப்பீட்டுடன் கூடிய ஆன்ரோடு விலையையும் கார் கைக்கு வரும் தேதியையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டட்டும்.