சூளை வேண்டாத களிமண் பெட்டி: ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரியில் சிறிய வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பானை வனையும் சக்கரம் வைக்கவே இடமில்லாதவர்கள், காற்றில் உலரும் களிமண்ணும் மூங்கில் கருவிகளும் அடங்கிய இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். துணி விரித்த சப்பாத்திப் பலகை அளவு இடமே போதும்.

உருண்டையின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்தி, சுற்றிலும் கிள்ளிக்கொண்டே வந்தால் கிண்ணம் உருவாகிவிடுகிறது. கைப்பிடி ஒட்டும்போது இரு பக்கமும் கீறிவிட்டு, அதே மண்ணைக் கரைத்த கூழைத் தடவாவிட்டால், உலர்ந்தபின் அது கையோடு வந்துவிடும். நம் ஊர்க் கோடைக் காற்றில் விளிம்பு முந்திக் காய்ந்து வெடிப்பதால், முதல் நாள் பாலித்தீன் தாளால் தளர்வாக மூடி நிழலில் வைப்பது நல்லது.

பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள அகல் விளக்குப் படம்தான் எனக்கு உடன்பாடில்லாதது. சூளையில் சுடாத இந்த மண் எண்ணெயை உறிஞ்சும், நீரில் ஊறினால் குழையும்; வார்னிஷ் பூசினாலும் உணவு வைக்க ஆகாது. வீட்டு ஓவனில் சுடலாம் என்ற எண்ணமும் வேண்டாம்: சுடுமண்ணுக்குச் சுமார் 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை, ஓவனோ பெரும்பாலும் 250 டிகிரியைத் தாண்டாது. கார்த்திகைக்கு விளக்கு வேண்டுமென்றால் குயவரிடம் வாங்குவதே சரி; சாவித் தட்டு, பேனாத் தாங்கி போன்றவற்றுக்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும்.