திறக்க மறுத்த பென்டிரைவும் காரைக்குடியின் ஒரு பழுதுபார்ப்புக் கடையும்

காரைக்குடி செக்காலை சாலையை ஒட்டிய சந்தில் உள்ள இந்தச் சிறிய கடைக்கு, லுபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய பழைய மடிக்கணினியையும், அப்பாவின் மணிவிழாப் படங்கள் அடங்கிய பென்டிரைவையும் கொண்டு சென்றேன். செருகியதும் கோப்பு மேலாளரில் பெயர் தெரியும். சொடுக்கினால் மவுண்ட் செய்ய (கணினியுடன் இணைத்துத் திறக்க) இயலவில்லை என்ற அறிவிப்பே வரும். வேறொரு கடையில், செருகிக்கூடப் பார்க்காமல் ஃபார்மட் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

இங்கிருந்த இளைஞர் முதலில் கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலைத் திறந்து, பென்டிரைவும் அதிலுள்ள சேமிப்புப் பகுதியும் பட்டியலில் வருவதைக் காட்டி, வன்பொருளில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு என்றார். அடுத்து இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவில் ‘வால்யூம் இஸ் டர்ட்டி’ (சேமிப்புப் பகுதி சரியாக மூடப்படவில்லை) என்ற வரியைச் சுட்டினார். விண்டோஸ் கணினியிலிருந்து முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கினால் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் சேமிப்பு வடிவத்தில் இந்தக் குறி தங்கிவிடக்கூடும் என்றும், லினக்ஸ் 5.15 முதல் கர்னலிலேயே இடம்பெறும் என்டிஎஃப்எஸ்3 இயக்கி அத்தகைய பகுதியை எழுதும் அனுமதியுடன் இணைக்க மறுக்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். குறியை மட்டும் அழிக்கும் குறுக்குவழி இருந்தும் அதைத் தொடாமல், படிக்க மட்டும் இயலும் வகையில் இணைத்து, படங்கள் அனைத்தையும் மடிக்கணினிக்கு நகலெடுத்த பிறகே, விண்டோஸில் வட்டுப் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் கருவியை ஓட்டிச் சரிசெய்தார். என்னைக் கவர்ந்தது இந்த வரிசைதான்.

இரு இயங்குதளங்களுக்கும் பொதுவாக எக்ஸ்ஃபேட் வடிவத்தைப் பரிந்துரைத்தார். பழைய ஃபேட்32 வடிவத்தில் 4 ஜிபி அளவுள்ள காணொளிக் கோப்பு ஏறாதாம். கட்டணம் 200 ரூபாய், நியாயமே. ரசீது தருவதில்லை என்பது குறை. மாலையில் கூட்டம் அதிகம் என்பதால் காலையில் செல்வது உசிதம்.