பிரிசிஷனா, ஜாஸா? பேஸ் கிட்டார் வாங்குமுன் ஓர் அலசல்

பேஸ் கிட்டார் வாங்கக் கிளம்புகிறவர் எத்தனை பிராண்டுகளைப் புரட்டிப் பார்த்தாலும் கடைசியில் வந்து நிற்பது இரண்டு வடிவங்களுக்கு நடுவில்தான். ஒன்று, லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். இன்னொன்று, அதே நிறுவனம் 1960இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ். ஹெட்ஸ்டாக்கில் (கம்பியை முறுக்கும் தலைப்பகுதி) எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், சந்தையில் கிடைக்கும் நான்கு கம்பி பேஸ்களில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றின் வழிவந்தது, அல்லது இரண்டையும் கலந்தது. அதனால் பிராண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

என் பக்கச் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு என்று நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கப் போகிறவருக்கு முதல் பேஸாக நான் பிரிசிஷனைத்தான் சொல்வேன். காரணம், இந்த இரண்டும் தனியாகக் கேட்கும்போது ஒரு மாதிரி, கூட்டத்தில் கேட்கும்போது வேறு மாதிரி. வாங்குகிறவர் பெரும்பாலும் தனியாகத்தான் வாசித்துப் பார்க்கிறார்.

இரண்டுக்கும் பொதுவானவை நிறைய. இரண்டின் கம்பி நீளமும் 34 அங்குலம். இரண்டிலும் 20 ஃப்ரெட் (விரல் ஓடும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்). ஈ, ஏ, டி, ஜி என்று ஒரே சுருதி. வித்தியாசம் பிக்கப்பிலும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) நெக்கிலும்தான் (விரல்கள் ஓடும் கழுத்துப் பகுதி) இருக்கிறது. உடலின் வடிவமும் கொஞ்சம் மாறும். ஜாஸின் இடுப்பு சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், உட்கார்ந்து வாசிக்கச் சிலருக்கு அது வசதி. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

பிக்கப்பில்தான் விஷயமே இருக்கிறது. பிரிசிஷனில் இருப்பது ஒரே பிக்கப், ஆனால் இரண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு ஈ, ஏ கம்பிகளுக்கு. மற்றது டி, ஜி கம்பிகளுக்கு. 1957இல் வந்த இந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை. இரண்டு சுருள்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கும். அதனால் விளக்குகளிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் வந்து ஏறும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்து அடங்கிவிடுகிறது. தொடர் இணைப்பு என்பதால் வெளிவரும் சிக்னலும் வலுவாக இருக்கும். நடு அலைவரிசைகள், குறிப்பாகச் சில நூறு ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி, நன்றாகத் தூக்கித் தெரியும். குமிழ்கள் இரண்டே: வால்யூம், டோன். ஆக பிரிசிஷனில் இருப்பது அடிப்படையில் ஒரே ஒரு ஒலி. அதைக் கூட்டலாம், குறைக்கலாம், மழுக்கலாம். வேறொன்றாக மாற்ற முடியாது.

ஜாஸில் இரண்டு தனித்தனி பிக்கப்புகள், நெக் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் வந்து முடியும் தாங்கி) பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோன். இரண்டையும் முழுதாகத் திறந்தால், கம்பியின் இரண்டு வேறு இடங்களில் எடுத்த ஒலி ஒன்று கலக்கும்போது நடுவிலுள்ள சில அலைவரிசைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. கீழ்ப்பகுதி ஆழமாகவும் மேல்பகுதி பளிச்சென்றும் மீதம் நிற்கும். தனியாகக் கேட்டால் சொக்கவைக்கும் ஒலி இது. கடையில் ஆம்ப் என்னும் ஒலிபெருக்கியில் சொருகி இரண்டு நிமிடம் வாசித்தால், பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஜாஸ்தான் பிடித்துப்போகும் என்பது என் கணிப்பு. பக்கத்திலேயே பிரிசிஷனை எடுத்து வாசித்தால் அது கொஞ்சம் மொத்தையாக, முரடாகத் தெரியும்.

அதே இரண்டையும் டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் முழங்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஜாஸின் ஆழமான அடிப்பகுதி கிக் டிரம்மோடு கலந்து மறைந்துவிடும். பளிச்சென்ற மேல்பகுதி சிம்பலுக்கும் கிட்டாருக்கும் அடியில் போய்விடும். காதில் ஸ்வரமாக எட்டவேண்டியது நடுப்பகுதி. அதைத்தான் அந்தக் கலவை ஏற்கெனவே வெட்டிவிட்டது. பிரிசிஷனில் மொத்தையாகத் தெரிந்த அந்தப் பகுதி இப்போது சுவர் மாதிரி நிற்கும். எந்த ஸ்வரம் வாசிக்கிறீர்கள் என்பது கடைசி வரிசை வரை தெரியும். ஒலிப்பதிவிலும் இதே கதைதான். பிரிசிஷனை நேரடியாக மிக்ஸருக்குள் விட்டால் பெரிதாக ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) தொடாமலே தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதை வைத்து ஜாஸை ஒதுக்கிவிட வேண்டாம். அதன் நடுப்பகுதியைத் திரும்ப வரவழைக்க ஒரு சின்ன வேலை போதும்: பிரிட்ஜ் பக்க வால்யூமை முழுதிலிருந்து லேசாகக் கீழே இறக்குங்கள். அந்த வெட்டு உடனே குறைந்து ஒலி முன்னால் வரும். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தால் மூக்கால் பேசுவது போன்ற, ஒவ்வொரு விரல் அடியும் துல்லியமாகத் தெறிக்கும் ஒலி கிடைக்கும். ஃப்ரெட் பிடுங்கப்பட்ட தன் 1962 ஜாஸில் பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது இந்த பிரிட்ஜ் பிக்கப்பில்தான். பிரிசிஷனால் இதை எட்டவே முடியாது. நெக் பிக்கப்பை மட்டும் திறந்தால் பிரிசிஷனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும், ஆனால் ஒல்லியாக.

இதற்கு ஒரு விலை உண்டு. ஜாஸின் இரண்டு பிக்கப்புகளும் சமமாகத் திறந்திருக்கும்போதுதான் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்த அளவுக்கு ‘ம்ம்ம்’ என்று அது எட்டிப்பார்க்கும். மேடை விளக்குகளின் டிம்மருக்கு அருகே நின்றால் இது எரிச்சலூட்டும். இரைச்சல் அடக்கும் வகையில் உள்ளே இரட்டைச் சுருள் வைத்த ஜாஸ் அளவு பிக்கப்புகள் கிடைக்கின்றன, பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம்.

ஜாஸ் வாங்க நினைப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1970களின் ஜாஸில் பிரிட்ஜ் பிக்கப் 1960களின் இடத்தைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் பிரிட்ஜை நெருங்கி இருக்கும். இன்று வரும் மாடல்களும் இந்த இரண்டில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. 70களின் அமைப்பு ஸ்லாப்புக்குக் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிக்கும் முறை) கூர்மையாகக் கேட்கும். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் புகழ்பெற்ற பேஸ் 1977ஆம் ஆண்டு ஜாஸ். விரலால் வாசிப்பதற்கு எனக்கு 60களின் அமைப்புதான் இதமாகப் படுகிறது.

அடுத்தது நெக். ஜாஸில் நட் (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகள் படியும் சின்னப் பட்டை) அருகே அகலம் 38 மி.மீ. பிரிசிஷனில் வழக்கமாக 41 முதல் 44 மி.மீ. வரை. எழுத்தில் சின்ன வித்தியாசம், கையில் பெரிய வித்தியாசம். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் ஈ கம்பிக்கும் ஜி கம்பிக்கும் விரல் ஓடும்போது ஜாஸ் நெக் லேசாக இருக்கும். மேலே போகப்போக அந்த வித்தியாசம் கரைந்துவிடும், உடலைத் தொடும் இடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். சின்னக் கை உள்ளவர், சாதாரண கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருபவர், மணிக்கட்டு சீக்கிரம் வலிக்கிறவர் ஆகியோருக்கு நான் மேலே சொன்ன ஒலி நியாயங்கள் எல்லாம் இரண்டாம் பட்சம். கை வலித்தால் பயிற்சி குறையும், பயிற்சி குறைந்தால் எந்த பிக்கப்பும் காப்பாற்றாது. ஜாஸின் அளவிலேயே ஒடுங்கிய நெக்கோடு வரும் பிரிசிஷன் வகைகளும் உண்டு. நட் அகலத்தை விவரக்குறிப்பில் பார்த்துவிட்டு வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை.

‘இரண்டும் வேண்டும்’ என்பவர்களுக்காக பிஜே என்றொரு வகை இருக்கிறது. பிரிசிஷன் பிக்கப் அதன் வழக்கமான இடத்தில், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஜாஸ் பிக்கப். கேட்கக் கச்சிதமான யோசனை. நடைமுறையில் பிரிசிஷன் பாதி பலசாலி, ஜாஸ் பாதி நோஞ்சான். இரண்டையும் முழுதாகத் திறந்தால் பிரிசிஷனின் அந்த நடு அலைவரிசை முறுக்கு தளர்ந்துபோகும், சுத்தமான ஜாஸ் ஒலியும் வராது. பிஜேயை பிரிசிஷனாகவே பாவித்து, பிரிட்ஜ் பிக்கப்பை எப்போதாவது கொஞ்சம் சேர்க்கும் மசாலாவாக வைத்துக்கொள்பவருக்கு அது நல்ல கருவி. அது ஜாஸுக்கு மாற்று ஆகாது.

உள்ளே பேட்டரியும் பிரீஆம்பும் (சிக்னலை வலுப்படுத்தும் சின்னச் சுற்று) வைத்த ஆக்டிவ் பேஸ்கள், 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே வழியில், தனிக் கிளை. முதல் பேஸுக்கு அவ்வளவு குமிழ்கள் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சரி, பேஸை எடுத்தாயிற்று. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிரிசிஷன், ஜாஸ் வித்தியாசத்தைவிடக் கம்பியின் வித்தியாசம் சில நேரம் பெரிது. பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்தது 1962 பிரிசிஷனில், தடித்த ஃப்ளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான) கம்பிகளோடு. அவற்றை அவர் லேசில் மாற்றவே மாட்டார். அந்தத் தடித்த, சட்டென்று அடங்கும் ஒலியில் பாதி அந்தக் கம்பிகளுடையது. அதே பிரிசிஷனில் புது ரவுண்ட்வவுண்ட் (மேல்சுற்று உருண்டையான) கம்பி மாட்டினால் உறுமும், கரகரக்கும், வேறு கருவியோ என்று தோன்றும். ஆகவே பிரிசிஷன் வாங்கியவர் இரண்டு வகைக் கம்பியையும் ஒருமுறையாவது மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அது இடம் கொடுக்கும். ஜாஸில் ஃப்ளாட்வவுண்ட் மாட்டலாம், ஆனால் எந்தப் பளிச்சுக்காக அதை வாங்கினீர்களோ அதன் பெரும்பகுதி போய்விடும்.

கம்பி வகையை மாற்றினால் இழுவிசை மாறும், இழுவிசை மாறினால் நெக் நகரும். அதனால் செட்டப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் நெக்கின் வளைவு, பிறகு கம்பியின் உயரம், கடைசியில் சுருதித் திருத்தம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. சுற்றி இருந்தால் நல்லது. கூடினால் ட்ரஸ் ராடைக் (நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டு) கால் சுற்று இறுக்குங்கள், குறைந்தால் கால் சுற்று தளர்த்துங்கள். அதற்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பவே கூடாது. பழைய பாணி மாடல்களில் ட்ரஸ் ராடின் முனை நெக்கின் அடிப்பக்கம் இருக்கும், நெக்கைக் கழற்றித்தான் திருப்ப முடியும். அடிக்கடி செட்டப் செய்ய விரும்புகிறவர் ஹெட்ஸ்டாக் பக்கம் முனை உள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது நல்லது. கம்பியின் உயரத்துக்கு, 17ஆவது ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கி உங்கள் கைக்கு ஏற்ப இறக்கலாம். விரலால் பலமாக அடிப்பவர் ரொம்ப இறக்கினால் ஃப்ரெட் உரசும். கடைசியாக 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) ட்யூனரில் ஒன்றாகக் காட்டும்வரை சேடிலை (பிரிட்ஜில் கம்பி படியும் துண்டு) நகர்த்த வேண்டும். அழுத்திய ஸ்வரம் கூடுதலாகக் காட்டினால் சேடில் பின்னால், அதாவது நெக்கிலிருந்து விலகி, போக வேண்டும்.

பிக்கப்பின் உயரத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. பிரிசிஷனில் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி, நான்கு கம்பிகளும் ஒரே பலத்தில் கேட்கும்படி வைத்தால் வேலை முடிந்தது. ஜாஸில், பிரிட்ஜ் அருகே கம்பி குறைவாக அதிர்வதால் அங்குள்ள பிக்கப்பைக் கம்பிக்கு நெருக்கமாகவும் நெக் பிக்கப்பைக் கொஞ்சம் தாழ்வாகவும் வைத்து இரண்டின் பலத்தையும் சமன்படுத்த வேண்டும். இதைச் செய்யாததால்தான் பலருடைய ஜாஸ் ஒல்லியாகக் கேட்கிறது. பழி மட்டும் பேஸின் மேல் விழுகிறது.

ஆம்ப் விஷயத்தில் பிரிசிஷன் பொறுமைசாலி, எதில் சொருகினாலும் பரவாயில்லை என்னும்படி ஒலிக்கும். ஜாஸுக்கு நடுப்பகுதிக் குமிழ் உள்ள ஆம்ப் வேண்டும். திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். வீட்டில் பயிற்சிக்கு வைக்கும் சின்ன ஸ்பீக்கர் அதைச் சரியாகத் தராது. அந்த மாதிரி ஆம்பில் இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுப்பதைவிட நல்ல ஹெட்போனில் கேட்பது மேல்.

பழைய பேஸ் வாங்குவதாக இருந்தால் இரண்டிலும் முதலில் நெக்கை நீளவாக்கில் பாருங்கள். முறுக்கியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், என்ன விலை குறைத்தாலும் சரி. ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்றும் பாருங்கள். குமிழ் திருப்பும்போது கரகரப்பதும் ஜாக் ஆடுவதும் சுலபமாகச் சரிசெய்யக்கூடியவை. ஜாஸுக்கு மட்டும் இன்னும் ஒரு சோதனை. இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் யாரோ ஒரு பிக்கப்பைப் பொருந்தாத வேறொன்றாக மாற்றியிருக்கக்கூடும். இரைச்சல் அடங்குவதற்குப் பதிலாக ஒலியே வற்றி, அடிப்பகுதி காணாமல் போனால் பிக்கப்புகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர் முனைகளை மாற்றிப் பற்றவைத்தால் அது சரியாகிவிடும். விற்பவரிடம் அதைக் காட்டிவிட்டு விலையைப் பேசுங்கள்.