கிரனடா போகிறவர்கள் கவனத்துக்கு: ‘முழு அல்ஹாம்ப்ரா’ என்று விற்கும் டிக்கெட்

ஸ்பெயினில் கிரனடாவுக்குப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அங்கே மலைமேல் முஸ்லிம் அரசர்கள் கட்டிய கோட்டையும் அரண்மனைகளும் தோட்டமும் சேர்ந்த வளாகம்தான் அல்ஹாம்ப்ரா. அதன் டிக்கெட்டில் ‘பலாசியோஸ் நசாரியெஸ்’, அதாவது நாஸ்ரி அரண்மனைகள் (நாஸ்ரி என்பது அந்த அரசர்களின் வம்சப் பெயர்) என்ற பெயரும், அதற்கு நேரே நுழைய வேண்டிய மணியும் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுக்கு விற்றிருப்பது தோட்டத்தையும் கோட்டையையும் மட்டும் பார்க்கும் டிக்கெட். மேலே எவ்வளவு பெரிய எழுத்தில் ‘முழு அல்ஹாம்ப்ரா’ என்று போட்டிருந்தாலும் சரி.

எங்களுக்கு நடந்தது இதுதான். அரசுத் தளத்தில் நாங்கள் போகும் தேதிக்கு எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. அப்போது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. நாஸ்ரி அரண்மனைகளுக்குள் இருக்கும் சிங்க முற்றத்தின் படம், ‘அல்ஹாம்ப்ரா முழுமையாக, வழிகாட்டியுடன்’ என்ற தலைப்பு, தலைக்கு 70 யூரோ. அரசு விற்கும் பொது டிக்கெட் 20 யூரோவை ஒட்டித்தான் இருக்கும். வயதான அம்மாவும் கூட வருகிறார், விளக்கிச் சொல்ல ஆள் இருக்கட்டும் என்று அந்த விலைக்கு ஒத்துக்கொண்டோம். எல்லோருடைய பாஸ்போர்ட் எண்ணையும் வாங்கினார்கள், வவுச்சர் அனுப்பினார்கள், அதில் ஒரு மணியும் போட்டிருந்தது. அது வழிகாட்டியைச் சந்திக்கும் நேரம், அரண்மனைக்குள் நுழையும் நேரம் இல்லை. பார்க்கிறவர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கும்படிதான் அந்தத் தாளையே அமைத்திருந்தார்கள்.

அன்று காலை வாசலில் வைத்து, டிக்கெட்டைக் கையில் கொடுத்த பிறகுதான், “இந்தக் குழுவுக்கு நாஸ்ரி அரண்மனைகள் கிடையாது” என்றார் வழிகாட்டி. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் அன்றைய கூலிக்கு வந்தவர், மறைக்காமல் சொன்னார். எனக்கு ஆத்திரம் அந்த நிறுவனத்தின்மேல். அல்ஹாம்ப்ரா டிக்கெட் ஒவ்வொருவர் பெயரிலும் எடுக்கப்படுவது. எங்கள் பெயர்களைப் போட்டு எடுத்தவர்களுக்கு அது எந்த வகை டிக்கெட் என்று அன்றே தெரியும். திரும்பிப் போக முடியாத இடத்துக்கு நாங்கள் வந்து சேரும்வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் என்ன காட்டினார்கள்? நீதி வாசல், ஐந்தாம் சார்லஸ் அரண்மனை, அல்கசாபா கோட்டை, ஹெனராலிஃபே தோட்டம். இதில் முதல் இரண்டையும் டிக்கெட்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்! சார்லஸ் அரண்மனையில்தான் அதிக நேரம் நிறுத்தினார்கள். கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது, 1527-இல் பெத்ரோ மச்சூக்கா என்ற கட்டடக் கலைஞர் தொடங்கியது, வெளியே சதுரம், உள்ளே நுழைந்தால் இரண்டு அடுக்குத் தூண்களோடு வட்ட முற்றம். பேரரசர் சார்லஸ் அதில் வாழவே இல்லை, கூரை வேலை இருபதாம் நூற்றாண்டுவரை இழுத்தது. இத்தனையும் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே நாஸ்ரி அரண்மனைகள் இருக்கின்றன என்பது மனதைப் பிடுங்கியது. கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பிரகாரத்தைச் சுற்றிக்காட்டிவிட்டு வெளியே அனுப்பியது போலத்தான். 1492-இல் ஊரைக் கைப்பற்றிய கிறிஸ்தவ அரசி இசபெல்லா, அரசர் ஃபெர்டினான்ட் இருவரின் பேரனான இந்தச் சார்லஸ், முஸ்லிம் அரசர்களின் மாளிகையோடு ஒட்டித் தனக்கொரு மாளிகை எழுப்பினான் என்றால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தானே அதன் பொருள் புரியும்?

நாஸ்ரி அரண்மனைகளில் இருப்பது சாதாரண அறைகள் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் நாஸ்ரி அரசர் ஐந்தாம் முகம்மது கட்டிய சிங்க முற்றம், அதில் 124 மெல்லிய பளிங்குத் தூண்கள், 12 சிங்கங்கள் தாங்கும் நீர்த்தொட்டி, அதன் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக் பாடிய கவிதை வரிகள். பக்கத்தில் இரு சகோதரிகள் கூடத்தின் விதானம், 5000-க்கும் மேற்பட்ட சிறு சுதைத் துண்டுகள் தேன்கூடாகத் தொங்குவது. இதைப் பார்க்கத்தான் உலகமே அந்த மலை ஏறுகிறது. அம்மா மூட்டுவலியோடு ஏறி வந்ததும் இதற்காகத்தான்.

நிறுவனத்துக்கு எழுதினேன். ‘அரண்மனைகள் கிடைக்காவிட்டால் இணையான வேறு இடம் காட்டப்படும்’ என்று விதிமுறைகளின் அடியில் இருக்கிறதாம், அடுத்த சுற்றுலாவுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். அல்ஹாம்ப்ராவில் சிங்க முற்றத்துக்கு இணையான இடம் எது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருந்ததால் கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன், விசாரணை நடக்கிறது. நீங்கள் ஊரில் இருக்கும்போதே இப்படி நடந்தால் ‘ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்’ என்று கேளுங்கள். அது அரசின் புகார்ப் படிவம், அங்கே கடை, அலுவலகம் எல்லாம் அதை வைத்திருந்து கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

டிக்கெட் எடுப்பதைப் பற்றி: அல்ஹாம்ப்ராவை நடத்தும் அரசு அறக்கட்டளையின் தளத்திலேயே எடுங்கள், விமான டிக்கெட்டுக்கு அடுத்த வேலையாக. விற்றுத் தீர்ந்துவிட்டால் ‘தோப்லா தே ஓரோ’ என்ற கூட்டு டிக்கெட்டைப் பாருங்கள், அதில் அல்ஹாம்ப்ராவோடு ஊரின் பழைய முஸ்லிம் குடியிருப்பான அல்பைசின் பகுதியில் உள்ள பழைய குளியலகம் போன்ற இடங்களும் சேரும், சில சமயம் அது மட்டும் மிச்சம் இருக்கும். வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்றால், “நாஸ்ரி அரண்மனைக்குள் எத்தனை மணிக்கு நுழைவோம்?” என்று எழுத்தில் கேளுங்கள். மணியைச் சொல்லாமல் வேறு எதையாவது சொன்னால் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் சரியான டிக்கெட் இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள், அதனால் முன்கூட்டியே வரிசைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கீழே ஊருக்குள் பேராலயத்தையும் அரச சேப்பலையும் (அரச குடும்பத்துக்கான சிற்றாலயம்) ஒட்டிய சந்துகளில் சில பெண்கள் ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணிப்பார்கள், வாங்கினால் உடனே உள்ளங்கையைப் பிடித்து ஜோசியம், அப்புறம் பணம், நாணயம் கொடுத்தால் நோட்டு வேண்டும் என்று சத்தம். அம்மாவிடமும் முயன்றார்கள். இசபெல்லாவும் ஃபெர்டினான்டும் அடக்கமாகியிருக்கும் அந்தச் சேப்பலை இவர்களுக்குப் பயந்து தவிர்த்துவிடாதீர்கள், இசபெல்லா சேர்த்துவைத்த பிளெமிஷ் ஓவியங்களுக்காகவே போகலாம். கொத்தைத் தொடாதீர்கள், நிற்காதீர்கள், “நோ, கிராசியாஸ்” என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுங்கள்.